33 கேவி பேனல்ல தாளிக்கிற மாதிரி சத்தம், டிஇவி மீட்டர் 27 காட்டுது, ஷட்டவுன் கேக்கலாமா விட்டுடலாமா?

#1 பேனல்_பாண்டி
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ப்ராசஸ் பிளாண்ட்ல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாக்குறேன், கடல் பக்கத்துல இருக்கு, காலைல கார் கண்ணாடி தொடைச்சா துணில உப்பு ஒட்டும், அவ்ளோ பக்கம். எங்க கிட்ட 33 கேவி இண்டோர் ஸ்விட்ச்கியர், 9 பேனல், எல்லாம் விசிபி (வேக்குவம் பிரேக்கர்), போட்டு 12 வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் பெரிய பிரச்சனை எதுவும் வந்ததில்ல. போன வாரம் ஒரு கையடக்க பிடி மீட்டர் வாடகைக்கு வந்துச்சு, டிஇவி-யும் (பேனல் இரும்பு மேல ஓடுற சின்ன வோல்டேஜ் பல்ஸ டெசிபல்ல காட்டுறது) அல்ட்ராசவுண்டும் ரெண்டும் அதுல இருக்கு. எல்லா பேனலையும் சுத்தி வந்தேன், எட்டு பேனல்ல 14ல இருந்து 16 டெசிபல், 5ஆம் நம்பர் பேனல் பின்னாடி கேபிள் பாக்ஸ் கதவுல மட்டும் 27. ஹெட்ஃபோன் போட்டு வென்ட் பக்கம் காட்டினா கடுகு தாளிக்கிற மாதிரி சடசடன்னு கேக்குது. எங்க சீனியர்ட்ட சொன்னேன், "போன ஆனுவல் ஷட்டவுன்ல 5 கேவி மெக்கர் போட்டு இன்சுலேஷன் பாத்தோம், இன்ஃபினிட்டி வந்துச்சு, உன் மீட்டர் மோட்டார் ஓட்டுற விஎஃப்டி டிரைவோட நாய்ஸ எடுக்குதுப்பா, போய் வேலையப் பாரு"ன்னுட்டார். நான் என்ன பண்ணட்டும்?

#2 லைன்கிளியர்_லோகு
பிடி மீட்டரா? பொட்டன்ஷியல் டிரான்ஸ்ஃபார்மர் செக் பண்ற மீட்டர்னு நெனச்சு ரெண்டு தடவ படிச்சேன்யா

#3 கொரோனா_ரிங்
லோகு அண்ணே 😀 இது தமிழ்ல எழுதுற எல்லாருக்கும் வர்ற தொல்ல, பொட்டன்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரும் பிடி, பாண்டி சொல்ற பார்ஷியல் டிஸ்சார்ஜும் (இன்சுலேஷன்ல நடக்குற சின்னச் சின்ன மின்பொறி) பிடி. இந்த இழைல "டிஸ்சார்ஜ்"னே எழுதுவோம்.

பாண்டி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, பேக்ரவுண்டு எடுத்தீங்களா? ஸ்விட்ச்கியர்ல சேராத இரும்பு ஏதாவது, ரூம் கதவு, பேட்டரி சார்ஜர் பெட்டி, ஜன்னல் கம்பி, இதுல வெச்சா எவ்ளோ வருது? அது தெரியாம 27ன்னா அதுக்கு அர்த்தமே இல்ல. ரூம் கதவுலயே 25 வருதுன்னா உங்க சீனியர் சொன்னதுதான் சரி.

#4 பேனல்_பாண்டி
எடுத்தேன் சார். ரூம் கதவு 11, சார்ஜர் 13.

#5 கொரோனா_ரிங்
அப்ப கத வேற. டெசிபல் லாக் கணக்கு, நேர்க்கோட்டுல பாக்கக்கூடாது. டிஇவி-ல 1 மில்லிவோல்ட்டு தான் 0 டெசிபல், 20ன்னா 10 மில்லிவோல்ட், 40ன்னா 100. ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ரெண்டு மடங்கு. பக்கத்து பேனல் 15, இது 27, அதாவது 12 கூட, நாலு மடங்கு. ஒரே வரிசைல ஒரே வயசு பேனல்ல ஒண்ணு மட்டும் நாலு மடங்குன்னா அது ரூமோட நாய்ஸ் இல்ல.

ஆனாலும் உறுதியாச் சொல்ல இன்னும் ரெண்டு வேலை இருக்கு. விஎஃப்டி ஓடாத நேரம் பார்த்து, ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோ, மறுபடி எடுங்க. உங்க மீட்டர்ல ரெண்டு ப்ரோப் வெக்க முடியும்னா 4லயும் 5லயும் ஒண்ணு ஒண்ணு வெச்சு எதுல பல்ஸ் மொதல்ல வருதுன்னு பாருங்க, அப்புறம் 5லயும் 6லயும். இரும்பு மேல அந்த பல்ஸ் கிட்டத்தட்ட வெளிச்சத்தோட வேகத்துல ஓடும், 1 நானோசெகண்டுக்கு 30 செ.மீ., அதனால ப்ரோப்ப கொஞ்சம் தள்ளி வெச்சாத்தான் வித்தியாசம் தெரியும்.

#6 எர்த்பிட்
மெக்கர்ல இன்ஃபினிட்டி வந்தப்புறம் டிஸ்சார்ஜ் எப்படிய்யா வரும்? இன்சுலேஷன் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? சும்மா பயமுறுத்தாதீங்க, மீட்டர் விக்கிறவன் மீட்டர்ல பேய் காட்டத்தான் செய்வான்.

#7 கொரோனா_ரிங்
இது நல்ல கேள்வி, பாதி ஊர் இங்கதான் மாட்டிக்குது, கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

"பார்ஷியல்" டிஸ்சார்ஜ்னு ஏன் பேரு? கண்டக்டர்ல இருந்து எர்த் வரைக்கும் முழுசா பாலம் போடல, நடுவுல ஒரு துண்டு மட்டும் உடையுது. எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள எடுத்துக்கங்க, இன்சுலேஷனுக்குள்ள இட்லில இருக்குற மாதிரி ஒரு சின்ன காத்து ஓட்டை. எக்ஸ்எல்பிஇ-யோட பெர்மிட்டிவிட்டி 2.3, காத்துக்கு 1, அதனால தட்டையான ஓட்டைன்னா அதுக்குள்ள ஸ்ட்ரெஸ் சுத்தி இருக்குறத விட 2.3 மடங்கு ஏறும், தாங்குற சக்தியோ காத்துக்குத்தான் கம்மி, மில்லிமீட்டருக்கு சுமாரா 3 கேவி. ஆக அதிகம் சுமக்குறவனும் அவனே, பலம் கம்மியானவனும் அவனே. ஏசி-ல வோல்டேஜ் ஏற ஏற ஓட்டை உடையும், அடங்கும், மறுபடி ஏறும், மறுபடி உடையும், ஒவ்வொரு சைக்கிள்லயும். அதச் சுத்தி இருக்குற நல்ல பிளாஸ்டிக் அப்படியே நிக்குறதால ஃப்யூஸும் போகாது ரிலேயும் எடுக்காது.

இப்ப மெக்கர். மெக்கர் டிசி, ஓட்டைக்கு சீரீஸ்ல நல்ல இன்சுலேஷன் இருக்கு, கரண்டு போக வழியில்ல, இன்ஃபினிட்டிதான் காட்டும். அதுவும் எவ்ளோ வோல்டேஜ்? 33 கேவி சிஸ்டத்துல ஃபேஸ் டு எர்த் 19 கேவி, பீக் 27 கேவி. நீங்க போட்டது 5. பழுதே 12 கேவி-ல தான் முழிக்கும்னா 5 கேவி-ல அது தூங்கிட்டுத்தான் இருக்கும். மெக்கர் தப்புன்னு சொல்லல, ஈரம், அழுக்கு, நேரடி லீக்கேஜ், இதெல்லாம் அது பிடிக்கும். இந்த வியாதிக்கு அந்த டெஸ்ட் இல்ல, அவ்ளோதான்.

#8 எர்த்பிட்
சரி ஒத்துக்கிறேன். கரையான் உதாரணம் சொல்லாம வெளக்குனதுக்கு நன்றி, ட்ரெயினிங்னு போனாலே உள்ளுக்குள்ள கரையான் அரிக்குதுன்னு ஒரு ஸ்லைடு போட்டுடுறானுங்க.

#9 ஜிஐஎஸ்_கண்ணன்
சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன். இங்க கிரிட்டு முழுக்க தரைக்கடியில, மேல லைனே கெடையாது, அதனால இந்த வேலைய மாசாமாசம் பல்லு விளக்குற மாதிரி பண்ணுவோம். பாண்டி தம்பிக்கு ஒரு விஷயம், டிஇவி-யும் அல்ட்ராசவுண்டும் ஒரே வேலையப் பண்ற ரெண்டு மீட்டர் இல்ல. டிஇவி பிடிக்கிறது உள்ள இருக்குற டிஸ்சார்ஜ, காஸ்ட் ரெசின் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்), புஷிங் (கண்டக்டர் இரும்புப் பெட்டியத் தாண்டுற எடத்து இன்சுலேட்டர்), கேபிள் உள்ள, அங்க இருந்து வர்ற பல்ஸ் மெட்டல் கதவோட இடுக்கு வழியா வெளிய வந்து வெளிப்பக்கம் ஓடும், அதைத்தான் ப்ரோப் எடுக்குது. 1970கள்ல பிரிட்டன்ல கண்டுபிடிச்ச வித்தை இது. அல்ட்ராசவுண்டு 40 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல வர்ற சத்தத்த இறக்கி நம்ம காதுக்கு குடுக்குது, அது மேற்பரப்புல நடக்குறதத்தான் கேக்கும், ரெசினுக்குள்ள அடைபட்டு இருக்குற டிஸ்சார்ஜ் அதுக்குக் கேக்கவே கேக்காது, சத்தம் வெளிய வர காத்துப் பாதை வேணுமில்ல.

உங்களுக்கு ரெண்டுமே காட்டுதுன்னா எனக்கு கேபிள் டெர்மினேஷன் (கேபிள் முடிஞ்சு பேனல்ல சேருற முனை) மேலதான் சந்தேகம். காலைல 6 மணிக்கு ஒரு தடவ, மத்தியானம் 2 மணிக்கு ஒரு தடவ எடுத்துப் பாருங்க. ஈரப்பதத்தோட ஏறி இறங்குதுன்னா மேற்பரப்பு கேஸ்தான்.

#10 லைன்கிளியர்_லோகு
அந்த காலத்துல எங்க ஃபோர்மேன் ராத்திரி ரூம் லைட்ட அணைச்சுட்டு வென்ட் வழியா எட்டிப் பாப்பாரு, நீலமா மினுக்குதான்னு. மூக்கு வேற வெச்சுப் பாப்பாரு, ஓசோன் வாடை. மீட்டர் கீட்டர் ஒண்ணும் இல்ல

#11 கொரோனா_ரிங்
லோகு அண்ணே அந்த ஃபோர்மேன் பெரிய ஆளுதான், ஆனா தயவுசெஞ்சு இத யாரும் இப்ப செய்யாதீங்க. டிஸ்சார்ஜ் இருக்குன்னு சந்தேகப்படுற பேனல் முன்னாடி மூஞ்சிய வெக்கிறது, அதுவும் வென்ட்ல, அது ஃபிளாஷ் ஆச்சுன்னா மூஞ்சி மிஞ்சாது. பாண்டி நீங்களும் அந்த பேனல் பக்கம் தேவையில்லாம நிக்காதீங்க, அளவு எடுத்தா எடுத்துட்டு நகருங்க.

#12 பேனல்_பாண்டி
சரி சார். நேத்தும் இன்னிக்கும் எடுத்தது. ஞாயித்துக்கிழமை விஎஃப்டி எல்லாம் நிறுத்தினப்ப: பேக்ரவுண்டு 11லருந்து 7க்கு இறங்கிடுச்சு, பேனல் 5 அப்பவும் 27. ரெண்டு ப்ரோப் வெச்சதுல 4, 6 ரெண்டோட ஒப்பிட்டாலும் 5லதான் மொதல்ல வருது. காலைல 6 மணி டிஇவி 29, ஹெட்ஃபோன்ல கேக்கவே காது கூசுது. மத்தியானம் 25, சத்தம் ரொம்ப கம்மி. சீனியர் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, "எழுதி வை"ன்னாரு.

#13 ஜிஐஎஸ்_கண்ணன்
"எழுதி வை"யா, சந்தோஷம், பாதி கிணறு தாண்டியாச்சு.

ஒரு சின்ன கேள்வி, அந்த பேனல்ல ஸ்பேஸ் ஹீட்டர் ஓடுதா?

#14 ஆயில்_சாம்பிள்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் டிரான்ஸ்ஃபார்மர் ஆளு. 29 டெசிபல்னா எத்தன பிகோகூலம்ப்? எங்க டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாம் பிகோகூலம்ப்லதான் வரும்.

#15 கொரோனா_ரிங்
மாத்த முடியாது சார், யாராவது மாத்திக் குடுத்தா நம்பாதீங்க. பிகோகூலம்ப் கணக்கு சர்வதேச தரநிலை ஐஇசி 60270 முறைப்படி, கப்ளிங் கெப்பாசிட்டர் போட்டு, தெரிஞ்ச சார்ஜ உள்ள விட்டு காலிபிரேட் பண்ணி எடுக்குறது. அதுவுமே ஓட்டைக்குள்ள நிஜமா நடந்த சார்ஜ் இல்ல, டெர்மினல்ல தெரியுற "தோற்ற" சார்ஜ்தான். டிஇவி, யுஎச்எஃப் (ரேடியோ அலை), அக்கூஸ்டிக் (சத்தம்) இதுக்கெல்லாம் அந்த காலிபிரேஷன் பொருந்தாது, அதனாலதான் 2016ல ஐஇசி 62478ன்னு தனியா ஒண்ணு போட்டாங்க.

பிகோகூலம்ப்லயே எடுத்தாலும் எந்த சாமான்ல எடுத்ததுன்னு கேக்காம பயப்படவும் கூடாது, நிம்மதியா இருக்கவும் கூடாது. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஃபேக்டரி டெஸ்ட்ல 250 வரைக்கும் விடுறாங்க, கேபிளுக்கு 10, வாயு அடைச்ச ஸ்விட்ச்கியர் ஜிஐஎஸ்க்கு 5. எண்ணெய் ஒரு எடத்துல உடைஞ்சாலும் புது எண்ணெய் வந்து நிரப்பிக்கும், எக்ஸ்எல்பிஇ-ல ஒரு தடவ மரம் மாதிரி கிளை விட ஆரம்பிச்சா அது திரும்பிப் போகாது.

#16 ஆயில்_சாம்பிள்
எங்க பக்கம் கத வேற மாதிரி. ஓடுற டிரான்ஸ்ஃபார்மர்ல நாங்க நம்புறது டிஜிஏ-வத்தான், எண்ணெய எடுத்து அதுல கரைஞ்சிருக்குற வாயுவப் பாக்குறது. ஹைட்ரஜன் மட்டும் தனியா ஏறுது, கூட கொஞ்சம் மீத்தேன், அப்படின்னா டிஸ்சார்ஜ் பக்கம் யோசிப்போம், எத்திலீன் ஏறுச்சுன்னா எங்கயோ நல்லா சூடாகுது, அசிட்டிலீன் வந்துச்சுன்னா ஆர்க்கிங், தூக்கம் போச்சு. கனடாவுல ஹைட்ரோ கியூபெக்ல இருந்த மிஷேல் டுவால் 1970கள்ல போட்ட, வாயு விகிதத்த வெச்சு பழுதச் சொல்ற முக்கோணம் இன்னிக்கும் எங்க ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்கு.

ஆனா இதுலயும் ஏமாந்திருக்கோம். ஒரு யூனிட்ல அசிட்டிலீன் வந்து எல்லாரும் அலறி, கடைசில பாத்தா டேப் சேஞ்சர் (வோல்டேஜ் அளவ மாத்துற சுவிட்ச்) டேங்க்ல இருந்து மெயின் டேங்குக்கு சீல் வழியா எண்ணெய் கசிஞ்சிருக்கு, டேப் சேஞ்சர்ல அசிட்டிலீன் வர்றது சகஜம், அதோட வேலையே ஆர்க் வெட்டுறதுதானே. ஆறு மாசத்து பழைய ரிசல்ட் கையில இருந்ததாலதான் தப்பிச்சோம், இல்லன்னா டேங்க தெறந்திருப்போம்.

#17 எர்த்பிட்
எல்லாம் சரி, ஆனா என் அனுபவத்துல மீட்டர் கண்டுபிடிக்கிறது பிரச்சனையே இல்ல. கண்டுபிடிச்சப்புறம் எவன் கையெழுத்து போடுவான்? ஷட்டவுன் குடுத்தா ப்ரொடக்ஷன்காரன் திட்டுவான், தெறந்து பாத்து ஒண்ணும் இல்லன்னா அதுக்கும் திட்டுவான்.

#18 நார்த்ஹைட்_படிச்சவன்
எர்த்பிட் சொன்னதுக்கு சரியான உதாரணம் ஹீத்ரோ. 2025 மார்ச் 20 ராத்திரி மேற்கு லண்டன்ல நார்த் ஹைட் 275 கேவி சப்ஸ்டேஷன்ல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சது, மறுநாள் பெரும்பகுதி நேரம் ஹீத்ரோ ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, 1,300க்கு மேல ஃபிளைட், சுமார் 2.7 லட்சம் பயணிகள். ஜூலைல பிரிட்டனோட மின் அமைப்ப நடத்துற என்இஎஸ்ஓ கடைசி ரிப்போர்ட் விட்டாங்க. காரணம் பெரும்பாலும் ஹைவோல்டேஜ் புஷிங்குக்குள்ள ஈரம் போனதுதான்னு அதுல இருக்கு. படிச்சப்ப வயித்தக் கலக்குன விஷயம் வேற, 2018 ஜூலைல எடுத்த ஆயில் சாம்பிள்லயே ஈரம் அதிகம்னு வந்திருக்கு. அந்த அளவு வந்தா புஷிங்க மாத்தணும்னு சப்ஸ்டேஷன் வெச்சிருந்த கம்பெனியோட வழிகாட்டுதல்லயே எழுதியிருக்கு. மாத்தல. ஆறரை வருஷம்.

#19 ஜிஐஎஸ்_கண்ணன்
அது டிஸ்சார்ஜ் மீட்டர் கேஸ் இல்லையே, ஈரம் கேஸ்.

#20 நார்த்ஹைட்_படிச்சவன்
ஆமா, டிஸ்சார்ஜ் மானிட்டர் மாட்டியிருந்தா பிடிச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. பேப்பர் இன்சுலேஷன் ஈரமானா கடைசில முடியுற எடம் ஒண்ணுதான், அவ்ளோதான் சொன்னேன். தகவல் இருந்துச்சு, ஃபைல்ல.

#21 ரூர்க்கி_ரிட்டர்ன்
டிஸ்சார்ஜ் மீட்டர் எல்லாத்தையும் பிடிக்கும்னு யாரும் நெனச்சுடாதீங்க, அதுக்காக ஒரு வார்த்தை. பழைய எக்ஸ்எல்பிஇ கேபிள்ல வாட்டர் ட்ரீயிங்னு ஒண்ணு வரும், தண்ணி மெதுவா மரம் மாதிரி படர்றது. அது வளர்ற வரைக்கும் டிஸ்சார்ஜே வராது, மீட்டர் சுத்தமா காட்டும். எலக்ட்ரிக்கல் ட்ரீயா மாறுற அன்னிக்குத்தான் டிஸ்சார்ஜ் வரும், அப்புறம் உங்களுக்கு ரொம்ப நேரம் கெடைக்காது. அதுக்கு 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப்ல (ரொம்ப மெதுவான ஏசி) டான் டெல்டா, அதாவது இன்சுலேஷன்ல எவ்ளோ பவர் வீணாகுதுன்னு, எடுக்கணும். கேபிள் பழசுன்னா ரெண்டும் பண்ணுங்க.

கேபிள்ல டிஸ்சார்ஜ் எங்கன்னு தேடுற கணக்கும் ஜாலியா இருக்கும். 1,200 மீட்டர் கேபிள், பல்ஸ் வேகம் மைக்ரோசெகண்டுக்கு 165 மீட்டர்னு வெச்சுக்கங்க. ஒரு பல்ஸ் நேரா நம்ம கிட்ட வருது, அதே டிஸ்சார்ஜோட இன்னொரு பாதி அந்தப்பக்கம் போய் முனைல முட்டித் திரும்பி வருது. ரெண்டுக்கும் நடுவுல 8 மைக்ரோசெகண்டுன்னா 165 பெருக்கல் 8, பாதி, 660. அந்த முனைல இருந்து 660 மீட்டர், நம்ம பக்கத்துல இருந்து 540. அங்க ஜாயிண்ட் இருக்கான்னு டிராயிங்க பாருங்க, முக்காவாசி இருக்கும்.

#22 லைன்கிளியர்_லோகு
டிராயிங்கா 😂 எங்க ஊர்ல கேபிள் ஜாயிண்ட் எங்கன்னு அத போட்ட ஜாயிண்டருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயிட்டாரு

#23 எர்த்பிட்
கண்ணன் சார், ஜிஐஎஸ்ல எப்படி? அது மொத்தமும் மூடின குழாய், காதும் வெக்க முடியாது, மூக்கும் வெக்க முடியாது.

#24 ஜிஐஎஸ்_கண்ணன்
அங்க யுஎச்எஃப். 300 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 3 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும். எஸ்எஃப்6 வாயுவுக்குள்ள டிஸ்சார்ஜ் ஒரு நானோசெகண்டுக்கும் கம்மியான நேரத்துல எகிறும், அவ்ளோ வேகமான பல்ஸ்னா ரேடியோ அலையாவே வெளிய வரும், குழாயே அதுக்கு வேவ்கைடு மாதிரி கொண்டு போகும். உள்ளயே ஆன்டெனா வெச்சிடுவாங்க. யார்டுல வெளிக்காத்துல வர்ற கொரோனா இரைச்சல் பெரும்பாலும் 300 மெகாஹெர்ட்ஸுக்கு கீழயே அடங்கிடும், அதனால நாம ஒண்ணும் வடிகட்டாமலே பாதி நாய்ஸ் போயிடும். 1980கள்ல ஸ்காட்லாந்துல டோர்னெஸ் அணுமின் நிலையத்தோட ஜிஐஎஸ்லதான் இத மொதல்ல பெருசா செஞ்சு பாத்தாங்க. ஜிஐஎஸ்க்குள்ள ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் துருவல் விழுந்தாப் போதும், ஏசி-ல அது எழும்பி எழும்பி ஆடும், அந்த ஆட்டத்தோட பாட்டர்னே தனியா தெரியும்.

மொபைல் ஃபோன் 900 மெகாஹெர்ட்ஸ் சரியா நடுவுல வந்து உக்காரும். ஒரு தடவ ராவெல்லாம் ஒரு "டிஸ்சார்ஜ" தொரத்திட்டு, காலைல பாத்தா செக்யூரிட்டி அண்ணன் செவுத்துக்கு அந்தப்பக்கம் உக்காந்து வீட்டுக்கு பேசிட்டு இருந்திருக்காரு. அவரு வெச்சதும் டிஸ்சார்ஜும் போச்சு.

#25 ரூர்க்கி_ரிட்டர்ன்
😂😂 அதுக்குத்தான் ஃபேஸோட சேத்துப் பாக்கணும். நிஜ டிஸ்சார்ஜ் 50 ஹெர்ட்ஸோட தாளத்துக்குத்தான் ஆடும். ஓட்டைன்னா ரெண்டு அரை சைக்கிள்லயும் வோல்டேஜ் ஏறுற பக்கம் வரும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உசரம். காத்துல கூர்முனை கொரோனான்னா மொதல்ல நெகட்டிவ் பீக்ல மட்டும் வரும். எர்த் ஆகாம மெதக்குற போல்ட்டுன்னா எல்லா பல்ஸும் ஒரே உசரத்துல வரிசையா நிக்கும். ஃபோனுக்கு 50 ஹெர்ட்ஸ் தெரியாது, அது பாட்டுக்கு பரவிக் கெடக்கும்.

ராய்கர்ல இருந்து நம்ம புகளூர் வர்ற 800 கேவி டிசி லைன் மாதிரி எடத்துல இந்த வித்தையும் செல்லாது, டிசி-ல ஃபேஸ்னு ஒண்ணே இல்ல. பல்ஸுக்கும் பல்ஸுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு வெச்சுத்தான் பாக்கணும்.

#26 பேனல்_பாண்டி
எல்லாருக்கும் மன்னிக்கணும், பத்து நாளா வர முடியல.

கண்ணன் சார் கேட்ட ஹீட்டர்: ஓடல. எம்சிபி ட்ரிப் ஆகிக் கெடந்துச்சு, எத்தன மாசமான்னு யாருக்கும் தெரியல, லாக்புக்ல போன வருஷம் வரைக்கும்தான் டிக் இருக்கு.

இந்த சனிக்கிழமை ஒரு ஃபீடர் லோட மாத்திவிட்டு 4 மணி நேரம் ஷட்டவுன் கெடச்சுச்சு. ஐசோலேட் பண்ணி, டெஸ்ட் பண்ணி, எர்த் பண்ணி, பெர்மிட் வாங்கி கேபிள் பாக்ஸ தெறந்தோம். ஹீட் ஷ்ரிங்க் டெர்மினேஷன், ஆர் ஃபேஸ் கேபிள் வாலும் ஒய் ஃபேஸ் வாலும் வளைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஒரசிட்டு இருக்கு, ஸ்க்ரீன் (இன்சுலேஷன் மேல இருக்குற, எர்த் பண்ணின கவசம்) வெட்டுன எடத்துக்கு மேல. தொட்டுட்டு இருந்த எடத்த சுத்தி விரல் அகலத்துக்கு வெள்ளைப் பொடி, கோலப்பொடி தூவுன மாதிரி. டியூப்ல பென்சில் கோடு மாதிரி கருப்பா ட்ராக்கிங் (கரிஞ்ச தடம்), ஒண்ணு சுமார் 4 செ.மீ. பக்கத்துல செம்பு லக் பச்சை பூத்துருக்கு. சீனியர் ரொம்ப நேரம் டார்ச் அடிச்சு பாத்தாரு, அப்புறம் அவரே ஃபோட்டோ எடுத்தாரு.

டெர்மினேஷன வெட்டிட்டு புதுசு போட்டோம், இந்த தடவ வாலுங்களுக்கு நடுவுல கிட்ல சொன்ன இடைவெளி விட்டு. ஹீட்டரும் போட்டாச்சு. சார்ஜ் பண்ணப்புறம் டிஇவி 15, ஹெட்ஃபோன்ல ஒண்ணும் இல்ல, வெறும் ஹம்.

#27 கொரோனா_ரிங்
அருமை. ஸ்க்ரீன் வெட்டுன எடத்துக்கு மேல கேபிள் வெளிப்பரப்பு எர்த் பொட்டன்ஷியல்ல இல்ல, ரெண்டு ஃபேஸ் வால் ஒரசினா நடுவுல இருக்குற மெல்லிசு காத்துதான் முழு அடியும் வாங்கும். டிஸ்சார்ஜ் காத்துல இருக்குற நைட்ரஜன பிரிக்கும், ஈரம் சேந்தா நைட்ரிக் ஆசிட், செம்பு பச்சையானது அதனாலதான். போட்ட அன்னிக்கே ஒரசிட்டு இருந்திருக்கும், ஹீட்டர் ஓடுற வரைக்கும் காஞ்சு கெடந்து பொழச்சிருக்கு.

#28 எர்த்பிட்
விட்டிருந்தா எத்தன நாள் தாங்கியிருக்கும்?

#29 ஜிஐஎஸ்_கண்ணன்
அத யாரும் சொல்ல முடியாது. இது மாதிரி மூணு வருஷம் சத்தம் போட்டுட்டே இருந்ததும் பாத்திருக்கேன், மொத தடவ கேட்டு ரெண்டு வாரத்துல போனதும் பாத்திருக்கேன். 4 செ.மீ. ட்ராக்குன்னா நான் அடுத்த மழை வரைக்கும் விட்டிருக்க மாட்டேன்.

#30 லைன்கிளியர்_லோகு
மத்த எட்டு பேனல்ல ஹீட்டர் ஓடுதா தம்பி?

#31 பேனல்_பாண்டி
ரெண்டுல ஓடல அண்ணே. 2லயும் 8லயும். எட்டாம் நம்பரும் அதே ஜாயிண்டர் போட்டதுதானாம். டிஇவி 16தான் காட்டுது, ஆனா நாளைக்கு காலைல 6 மணிக்கு ஹெட்ஃபோனோட போறேன், மீட்டர திருப்பிக் குடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு.

#32 ஆயில்_சாம்பிள்
வெள்ளைப் பொடி ஃபோட்டோ ஓபன் ஆகல, திரும்ப போடுங்க.